தொட்டுக்கொள்ள வீட்டிலே ஒரு சோஸ்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களிற் சிலர் புன்னகை செய்யக்கூடும். பாடசாலை அதிபர் ஒருவர் வானொலி நிலையத்துக்கு வந்தால் கல்வியைப் பற்றியோ, ஒழுக்கத்தைப் பற்றியோ, இலக்கியத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நானோ பொரித்த உருளைக்கிழங்குக்கும் பேர்கருக்கும் தொட்டுக்கொள்ளும் சோஸ் ஒன்றினை வீட்டிலே ஆக்கிக்கொள்ளும் வகையினைச் சொல்ல வந்திருக்கின்றேன். சிறு பொருள்தான், ஆனால், சிறு கிண்ணத்தில் வரும் பொருளையே நாம் கவனிக்கத் தவறுகின்றோம் என்பதனால் இதனைத் தேர்ந்துகொண்டேன்.

நமது பிள்ளைகள் இவ்வுணவுகளை உண்கின்றார்கள். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இஃது உண்மை. பட்டணத்துக் கடைகளில் மட்டுமன்றிச் சிற்றூர்ச் சந்திகளிலும் உருளைக்கிழங்கை நீளநீளமாக அரிந்து பொரித்துக் கொடுக்கின்றார்கள். பணிஸை இரண்டாகப் பிளந்து, இடையில் இறைச்சி வடையொன்றை வைத்துப் பேர்கர் என்று விற்கின்றார்கள். கிழங்கு பொரிவதை நாம் கண்ணாற் காண்கின்றோம். பணிஸ் பழையதா, புதியதா என்று விரலால் அழுத்தி அறிந்துகொள்கின்றோம். ஆனால், அவற்றோடு சேர்த்துக் கொடுக்கப்படும் வெண்மையான அல்லது இளஞ்சிவப்பான குழம்பினுள் என்ன இருக்கின்றது, அது எப்பொழுது ஆக்கப்பட்டது, எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

சோஸ் என்றதும் அது நமக்குச் சற்றும் தொடர்பில்லாத அந்நியப் பண்டம் என்று எண்ணிவிட வேண்டாம். தொடுகறி என்றொரு நல்ல சொல் தமிழில் உண்டு. சோற்றுக்கோ, பிட்டுக்கோ, தோசைக்கோ தொட்டுக்கொள்வதற்கென்று ஆக்கப்படுவது தொடுகறி. நாம் அன்றாடம் இடிக்கின்ற சம்பல் ஒரு தொடுகறி; சட்னி ஒரு தொடுகறி; அச்சாறும் அவ்வாறே. சம்பல் என்னும் சொல் மலாய் மொழியிலிருந்து நம்மிடம் வந்தது. சம்பலுக்கு உயிர்கொடுக்கும் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸின் பயணத்துக்குப் பின்னரே கீழைத்தேசங்களுக்கு வந்துசேர்ந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அங்கிருந்து வந்தவையே. பாண் என்பதும் வினாகிரி என்பதும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். பிறநாட்டுப் பொருளை ஏற்று, அதனை நம் அம்மியிலும் உரலிலும் இட்டு, நமக்கேற்ற சுவையாக மாற்றிக்கொள்வது நம் அடுக்களைக்குப் புதிய தொழிலன்று. சோஸையும் அவ்வாறு நம் வசமாக்கிக்கொள்ள இயலும்.

பொரித்த கிழங்குக்கும் பேர்கருக்கும் பெரும்பாலும் தொட்டுக்கொள்ளப்படுபவை இரண்டு. ஒன்று தக்காளிக் கெச்சப், மற்றையது மயோனைஸ். இவ்விரண்டையும் கலந்தால் வருவதே இளஞ்சிவப்பான பேர்கர் சோஸ்.

கெச்சப்பின் வரலாறு வியப்புக்குரியது. தொடக்கத்தில் அதிலே தக்காளியே இல்லை. தென்சீனத்து மக்கள் மீனை உப்பிலிட்டு ஊறவைத்து எடுத்த சாறு ஒன்றின் பெயரிலிருந்தே இச்சொல் பிறந்தது என்பது மொழியறிஞர் பலருடைய கருத்து. கீழைத்தேசங்களுக்கு வந்த ஆங்கில வணிகர் அச்சுவையை விரும்பி, தம் நாட்டில் நெத்தலி போன்ற சிறு மீன்களையும், காளானையும், வால்நட் காயையும் கொண்டு அதனைப் போலச் செய்யலாயினர். 1727ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த எலைசா சிமித்தின் சமையல் நூலில் இத்தகைய கெச்சப் ஒன்றின் செய்முறை காணப்படுகின்றது. தக்காளியாலான கெச்சப்பின் செய்முறையை 1812ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஜேம்ஸ் மீஸ் என்பவர். 1876ஆம் ஆண்டில் ஹைன்ஸ் நிறுவனம் அதனைப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கியது. மீன் சாறாகப் புறப்பட்டது, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நாடுநாடாகச் சுற்றித் தக்காளிக் குழம்பாயிற்று.

மயோனைஸ் என்பது முட்டையின் மஞ்சட் கருவோடு எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கடைந்து, புளிப்புக்கு வினாகிரியோ எலுமிச்சைச் சாறோ விட்டு ஆக்கப்படும் வெண்குழம்பு. 1756ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை மினோர்க்காத் தீவின் மஹோன் துறைமுகத்தைக் கைப்பற்றியபோது அது தோன்றியது என்று ஒரு கதை வழங்குகின்றது. வரலாற்றாசிரியர் யாவரும் அதனை ஒப்புவதில்லை. எவ்வாறாயினும், பெல்ஜிய நாட்டு மக்கள் பொரித்த கிழங்கைக் காகிதக் கூம்பிலே வாங்கி, மயோனைஸைத் தொட்டு உண்பதைத் தம் தேசிய வழக்கமாகவே கொண்டுள்ளார்கள்.

இவ்விரண்டையும் கலக்கும் எண்ணம் உலகின் பல மூலைகளில் எழுந்திருக்கின்றது. ஆர்ஜென்டீனாவில் இதற்குச் சல்சா கோல்ப் என்று பெயர். 1920களில் கடலோர நகரமான மார் டெல் பிளாட்டாவின் கோல்ப் கழகத்திலே, ஒரே வகை மயோனைஸோடு இறால் உண்டு சலித்த இளைஞர் ஒருவர், பலவகைத் தொடுகறிகளை மேசைக்கு வரவழைத்துத் தாமே கலந்து பார்த்து இதனைக் கண்டார் என்று சொல்லப்படுகின்றது. அந்த இளைஞர் லூயிஸ் பெடெரிக்கோ லெலுவார். பிற்காலத்தில், 1970ஆம் ஆண்டில், இரசாயனவியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றவர் அவரே. மாணவர்களுக்கு இதனைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் முகம் மலர்வதைக் கண்டிருக்கின்றேன். ஆராய்ச்சி என்பது ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாய்களுக்கு மாத்திரம் உரியதன்று. உணவு மேசையிலும் அது தொடங்கலாம்.

இனி, இப்பொருளைப் பற்றி நான் சிந்திக்க நேர்ந்த காரணத்தைச் சொல்லுகின்றேன். 2023ஆம் ஆண்டின் இறுதித் தவணையில், என் பொறுப்பிலிருந்த பாடசாலையில் ஒன்பதாந் தரத்து மாணவர் வகுப்பு விருந்தொன்றை வைத்தனர். விருந்துக்கு வேண்டிய பணிஸும் அதனுட் பூசும் வெண்குழம்பும் வெளியிலிருந்து காலை ஆறு மணிக்கே வந்துவிட்டன. உண்டதோ நண்பகலுக்குப் பின்னர். அன்றிரவும் மறுநாளும் பதினொரு பிள்ளைகள் வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் காய்ச்சலாலும் வருந்தினர். இருவரை வைத்தியசாலையில் வைத்துச் சேலைன் ஏற்றவேண்டி நேர்ந்தது. யாவரும் நலமடைந்தனர். பச்சை முட்டையாலான குழம்பு வெப்பத்திலே பல மணி நேரம் கிடந்ததே காரணமாயிருக்க வேண்டும் என்று வைத்தியர் கருதினார்.

அதன்பின் நடந்த பெற்றோர் கூட்டத்தில், இவ்வகை உணவு பாடசாலை வாயிலுக்குள்ளேயே வரக்கூடாது என்று பலர் கோரினர். அவர்களுடைய அச்சம் நியாயமானது. அரசுகளும் இவ்வாறு செய்திருக்கின்றன. பச்சை முட்டையினால் ஆக்கப்படும் மயோனைஸைக் கேரள மாநிலம் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், தெலுங்கானா மாநிலம் 2024ஆம் ஆண்டிலும் தடைசெய்தன. தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆந் திகதி முதல் ஓராண்டுக்கு அதனை ஆக்குவதற்கும், சேமிப்பதற்கும், விற்பதற்கும் தடை விதித்தது. பொதுமக்களுக்கு விற்கும் கடைக்காரரைக் கட்டுப்படுத்துவதற்குச் சட்டம் வேண்டும். அதிலே எனக்கு ஐயமில்லை. ஆனால், சட்டம் கடை வாசலோடு நின்றுவிடும்; நம் வீட்டு அடுக்களைக்குள் அது வருவதில்லை. வாயிலிலே தடுக்கப்பட்ட பிள்ளை மாலையிலே சந்தியில் வாங்கி உண்பான். அல்லது கைத்தொலைபேசியிலே ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுப் பச்சை முட்டையை உடைத்துத் தானே கடைவான். அவ்விடத்திலே அவனைக் காக்கக்கூடியது அவன் பெற்ற அறிவு ஒன்றே. ஆதலால், தடுப்பதோடு நில்லாது கற்பிக்கவும் வேண்டும் என்று கூட்டத்திற் சொன்னேன். எங்கள் மனைப்பொருளியல் ஆசிரியை அப்பணியை விருப்போடு ஏற்றுக்கொண்டார். அவர் வகுப்பிலே கற்பித்தவற்றையே பெரும்பாலும் நான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகின்றேன்.

முதலிலே தத்துவத்தை அறிந்துகொள்வோம். கண்ணாடிப் போத்தலொன்றிலே சிறிது நீரும் சிறிது எண்ணெயும் விட்டு மூடிக் குலுக்குங்கள். இரண்டும் கலந்ததுபோலத் தோன்றும். கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எண்ணெய் மேலேயும் நீர் கீழேயுமாகப் பிரிந்து நிற்கும். இப்பொழுது அதிலே அரைத்த கடுகு ஒரு தேக்கரண்டி சேர்த்து மறுபடியும் குலுக்குங்கள். இம்முறை பிரிவதற்கு முன்னிலும் அதிக நேரம் செல்லும். நீரோடும் எண்ணெயோடும் ஒருங்கே உறவாடக்கூடிய சில பொருள்கள் உள்ளன. அவை எண்ணெயின் நுண்துளிகளைச் சூழ்ந்துகொண்டு, ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கின்றன. இதனைக் குழம்பாக்கல் என்று விஞ்ஞான பாடத்திலே கற்கின்றோம். முட்டையின் மஞ்சட் கருவிலுள்ள லெசித்தின் இத்தொழிலைச் செய்கின்றது. பாலிலும் தயிரிலுமுள்ள புரதமும் இதனையே செய்யவல்லது. ஆகவே, மயோனைஸுக்கு முட்டைதான் வேண்டுமென்ற கட்டாயமில்லை.

பச்சை முட்டையை ஏன் தவிர்க்க வேண்டும்? சல்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி முட்டையோட்டின்மேலும் இருக்கலாம். கோழியின் உடலிலிருந்தே முட்டையின் உள்ளேயும் சென்றிருக்கலாம். பார்வைக்கும் மணத்துக்கும் முட்டை நல்லதாகவே இருக்கும். நன்கு வேகவைத்தால் கிருமி அழியும். எலுமிச்சைச் சாறும் வினாகிரியும் சேர்ந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது. பெரிய தொழிற்சாலைகளில் முட்டையை அளவறிந்து சூடாக்கிக் கிருமி நீக்கியே பயன்படுத்துகின்றார்கள். அவ்வசதி நம் வீட்டிலே இல்லை. ஆதலின், இன்று நான் சொல்லும் செய்முறைகளில் பச்சை முட்டை இடம்பெறாது. சைவ உணவு உண்ணும் இல்லங்களுக்கும் இவை பொருந்தும்.

அளவுகளைக் குறித்துக்கொள்ள விரும்புவோர் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம். நான் ஆறுதலாகவே சொல்லுகின்றேன்.

முதலாவது, தக்காளிக் குழம்பு. நன்கு கனிந்த தக்காளிப்பழம் அரைக் கிலோகிராம் எடுத்துக் கழுவி, துண்டுகளாக நறுக்குங்கள். இரண்டு சிறு வெங்காயமும் ஒரு பல் உள்ளியும் சேர்த்து, தண்ணீர் விடாமலே மெல்லிய நெருப்பில் வேகவையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். புளிப்பு அதனை அரிக்கும். மட்சட்டியோ துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரமோ தக்கது. பழம் கரைந்ததும் இறக்கி ஆறவிட்டு, அரிதட்டில் இட்டுத் தேய்த்துத் தோலையும் விதையையும் நீக்குங்கள். வடித்த சாற்றை மீண்டும் அடுப்பிலேற்றி, ஒரு சிறு துண்டு கறுவாவும் இரண்டு கராம்பும் இட்டுக் கிளறிக் காய்ச்சுங்கள். சாறு பாதிக்குமேல் வற்றியபின், வினாகிரி இரண்டு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி சேருங்கள். பதம் அறிவதற்கு எளிய வழியொன்று உண்டு. ஒரு துளியைத் தட்டில் விட்டுப் பாருங்கள். அதனைச் சூழ நீர் வளையம் கசியாதிருந்தால் குழம்பு பதமாயிற்று. கறுவாவையும் கராம்பையும் எடுத்துவிட்டு, கொதிநீரிற் கழுவி உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு கிழமைக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

தென்னங்கள்ளிலிருந்து எடுத்த வினாகிரி கிடைக்குமானால் அதனையே விடுங்கள். வெறும் அசற்றிக்கமிலத்தை நீரிற் கலந்து விற்கப்படுவதிலும் அதன் சுவை மென்மையானது.

இரண்டாவது, தயிர்ச் சோஸ். இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. கெட்டியான தயிர் ஒரு கோப்பை, அதாவது ஏறக்குறைய 250 மில்லிலீற்றர் எடுத்துக்கொள்ளுங்கள். எருமைத் தயிர் கிடைத்தால் மிகவும் நன்று. கொதிநீரில் அலசிப் பிழிந்த மெல்லிய வெண்துணியொன்றை அரிதட்டின்மேல் விரித்து, தயிரை அதிலே இட்டு மூடி, கீழே ஒரு கிண்ணம் வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்துவிடுங்கள். நீர் வடிந்து தயிர் ஏறத்தாழ அரைவாசியாகும். வடிந்த நீரைக் கொட்டிவிட வேண்டாம், குழம்பிலே சேர்க்கலாம். கெட்டித் தயிரோடு, முன்னர் ஆக்கிய தக்காளிக் குழம்பு இரண்டு மேசைக்கரண்டி, அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி, உப்போடு சேர்த்து நசுக்கிய உள்ளி ஒரு பல், வறுத்து இடித்த செத்தல் மிளகாய்த் தூள் அரைத் தேக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்து, கரண்டியாலே ஒரே சீராகக் கலக்குங்கள். அரை மணி நேரம் குளிரவைத்த பின்னரே பரிமாறுங்கள். அந்த இடைவேளையில் உள்ளியின் காரமும் கடுகின் காரமும் தயிரோடு இணங்கிவிடும்.

கடுகை எவ்வாறு அரைப்பது என்று கேட்பீர்கள். அச்சாறு போடும் வீடுகளில் இது தெரிந்ததே. ஒரு மேசைக்கரண்டி கடுகைச் சிறிது வினாகிரியில் சில மணி நேரம் ஊறவைத்து அம்மியிலோ இயந்திரத்திலோ விழுதாக அரைத்துக்கொள்ளலாம். காரம் மிகுதியாக வேண்டுவோர் முதலில் தண்ணீர் தெளித்து அரைத்து, பத்து நிமிடம் கழித்து வினாகிரி விடலாம். கடுகின் காரம் முழு விதையிலே இல்லை; விதை நசுங்கி நீரோடு சேரும்போதுதான் பிறக்கின்றது. புளிப்பு முன்னரே சேர்ந்தால் அது மட்டுப்படும்.

முட்டையின் சுவையை விரும்புவோர், முட்டையொன்றைப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்கும் நீரில் அவித்து, இறுகிய மஞ்சட் கருவை மட்டும் நன்கு மசித்து இந்தத் தயிர்ச் சோஸிலே கலந்துகொள்ளலாம்.

மூன்றாவது, பால் மயோனைஸ். போர்த்துக்கலிலும் பிரேசிலிலும் இஃது இல்லங்களில் வழங்குவது. இதற்கு அரைக்கும் இயந்திரம் வேண்டும். காய்ச்சி ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டியிலே நன்கு குளிரவைத்த பால் 100 மில்லிலீற்றர். மணமில்லாத சூரியகாந்தி எண்ணெயோ சோயா எண்ணெயோ 200 மில்லிலீற்றர். கணக்கு நினைவில் நிற்கக்கூடியதே: பால் ஒரு பங்கு, எண்ணெய் இரு பங்கு. பாலோடு உப்பு அரைத் தேக்கரண்டியும் அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டியும் சேர்த்து இயந்திரத்தை ஓடவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெயை நூல்போல மெல்ல ஒழுகவிடுங்கள். அவசரம் கூடாது. எண்ணெய் ஒருங்கே கொட்டப்பட்டால், துளிகளாகச் சிதறுவதற்கு முன்னரே ஒன்றுகூடிப் பிரிந்துவிடும். எண்ணெயில் அரைப்பங்கு சேர்ந்ததும் இயந்திரத்தின் ஒலி மாறுவதைக் கேட்பீர்கள். குழம்பு தடிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அஃது அடையாளம். எண்ணெய் முழுவதும் சேர்ந்தபின், இறுதியிலே தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி விட்டுச் சிறிது நேரம் மட்டும் ஓடவிடுங்கள். புளிப்புப் பட்டதும் பாற்புரதம் இறுகி, குழம்பு மேலும் தடிப்பாகும்.

திரைந்து பிரிந்துவிட்டால் அதனை எறிந்துவிட வேண்டாம். பாத்திரத்தைக் கழுவி, குளிர்ந்த பால் இரண்டு மேசைக்கரண்டி விட்டு இயந்திரத்தை ஓட்டி, பிரிந்த குழம்பைச் சிறிது சிறிதாக அதிலே சேருங்கள். பெரும்பாலும் அது மீண்டும் கூடிவிடும்.

தேங்காயெண்ணெயில் இதனை ஆக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியிலே வைத்தால் எண்ணெய்த் துளிகள் இறுகிக் குழம்பு கெட்டுவிடும். நல்லெண்ணெயோ தன் மணத்தாலே ஏனைய சுவைகளை மறைத்துவிடும். ஒரு தேக்கரண்டி வாசனைக்கு விடலாம், முழுதும் அதனாலே ஆக்கலாகாது.

இனிப் பேர்கர் சோஸ் மிக எளிது. பால் மயோனைஸ் நான்கு மேசைக்கரண்டி, தக்காளிக் குழம்பு இரண்டு மேசைக்கரண்டி, வினாகிரியில் ஊறிய வெள்ளரிக்காயும் வெங்காயமும் பொடியாக நறுக்கியது ஒரு மேசைக்கரண்டி, மிளகுதூள் ஒரு சிட்டிகை. இவற்றைக் கலந்தால் நால்வருக்குப் போதுமானது.

ஆக்குவதைப் போலவே பேணுவதிலும் கவனம் வேண்டும். தயிரினாலும் பாலினாலும் ஆக்கியவற்றை மூடிக் குளிர்சாதனப் பெட்டியிலே வைத்து மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள். மேசைக்கு எடுக்கும்போது வேண்டிய அளவை மட்டும் சிறு கிண்ணத்திலே எடுங்கள். அறை வெப்பத்திலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததனை உண்ணலாகாது. வெப்பம் 32 பாகைக்கு மேற்பட்ட பகல்களில் ஒரு மணி நேரமே எல்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். கிண்ணத்திலே எஞ்சியதைப் போத்தலுக்குள் திருப்பி ஊற்ற வேண்டாம். பச்சை உள்ளியை எண்ணெயில் இட்டு வெளியிலே நாட்கணக்காக வைப்பதும் ஆபத்தானது. காற்றுப்புகாத அவ்விடத்திலே கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். பாடசாலைக்குக் கட்டிக்கொடுக்கும் பெட்டியிலே இவ்வகைச் சோஸை வைக்காதிருத்தலே நன்று. தக்காளிக் குழம்பாயின் புளிப்பு மிகுதியால் ஓரளவு தாங்கும்.

வீட்டிலே ஆக்கியது என்பதனாலேயே ஒரு பொருள் அளவின்றி உண்ணத்தக்கதாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால் மயோனைஸிலே மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய். ஒரு மேசைக்கரண்டியை உண்டால், ஏறக்குறைய 80 கலோரி எண்ணெயாலே மட்டும் உடலிற் சேரும். பொரித்த கிழங்கிலும் எண்ணெய் உண்டு. தொட்டுக்கொள்ளும் பொருளிலும் எண்ணெய் என்றால், அதற்கேற்ப ஓடி விளையாடும் உடலாயிருக்க வேண்டும். ஆகையால், நாளாந்த ஆவலுக்குத் தயிர்ச் சோஸும், விசேட நாளுக்குப் பால் மயோனைஸும் என்று வகுத்துக்கொள்வது தக்கது.

சீனியையும் கவனியுங்கள். கடையில் விற்கும் கெச்சப்பின் ஒரு மேசைக்கரண்டியில் பொதுவாக நான்கு கிராம் அளவு சீனி இருக்கும். அது தேநீருக்கு இடும் ஒரு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். பிள்ளை மூன்று கரண்டி ஊற்றிக்கொண்டால் மூன்று கரண்டிச் சீனி உண்கின்றான் என்று கணக்கிடுங்கள். வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு ஐந்து கிராமுக்குக் குறைவாயிருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகின்றது. அதாவது ஒரு தேக்கரண்டி அளவே. சிறுவருக்கு அதனினும் குறைவு. போத்தலின் சுட்டுத்துண்டைப் படிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். சேர்ந்துள்ள பொருள்களை நிறையில் மிகுந்ததிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக அச்சிடுவதே முறை. தக்காளிக்கு முன்னே நீரும் சீனியும் நின்றால், நீங்கள் பணங்கொடுத்து வாங்குவது எதனை என்று பிள்ளையே உங்களுக்குச் சொல்லுவான். வீட்டிலே ஆக்கும்போது சீனிக்கரண்டியும் உப்புக்கரண்டியும் நம் கையில் இருக்கின்றன. அந்த உரிமையே வீட்டுச் சமையலின் பெரும் பயன்.

எங்கள் பாடசாலையில் இப்பாடம் நடந்தபோது ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒருங்கே பங்குகொண்டனர். பால் மயோனைஸிலே எண்ணெயை நூல்போல ஒழுகவிடும் பொறுமை எவரிடம் இருக்கின்றது என்று பார்த்தோம். வகுப்பிலே மிகவும் துடுக்கானவன் என்று பெயர்பெற்ற ஒரு மாணவனே அதனைச் செவ்வையாகச் செய்தான். அடுத்த கிழமை அவனுடைய தாயார் பாடசாலைக்கு வந்திருந்தார். கடையிலே வெண்குழம்பு கொடுத்தால் அது முட்டையா, பாலா, எப்பொழுது செய்தது என்று தன் மகன் கேட்கிறான் என்றும், கடைக்காரர் அவனைக் கண்டால் முகஞ்சுளிக்கிறார் என்றும் சொன்னார். குறை சொல்லவே அவர் வந்தார் போலும். எனக்கோ அன்று மிகுந்த மகிழ்ச்சி.

நேயர்களே, பிள்ளைகள் கேட்கும் உணவையெல்லாம் கொடுத்துவிடுவதும் அன்பன்று. யாவற்றையும் மறுத்துவிடுவதும் அறிவன்று. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், வெலிமடைக் கிழங்கோ யாழ்ப்பாணத்துக் கிழங்கோ அரைக் கிலோ வாங்கி, பிள்ளைகளோடு அமர்ந்து அரிந்து, வீட்டிலே பொரியுங்கள். தொட்டுக்கொள்ளும் சோஸைப் பிள்ளைகளே கலக்கட்டும். உப்பை அளப்பவரும், தேசிக்காய் பிழிபவரும், சுவை பார்ப்பவரும் அவர்களே ஆகட்டும். முதன்முறை புளிப்புக் கூடினாலும் பாதகமில்லை. மறுமுறை கைக்கு அளவு தெரிந்துவிடும். எது எதனோடு ஏன் சேர்கின்றது, எது எவ்வளவு நேரம் தாங்கும் என்று சிறு வயதிலே அறிந்துகொண்ட பிள்ளை, நாம் அருகில் இல்லாத இடத்திலும் தன் உணவைத் தானே பார்த்துக்கொள்வான்.